வார்மின்ட் ரைஃபிளுக்கு எந்தத் தோட்டா? நிலத்தில் தொடங்கி கன்ஸ்மித் கையில் முடியும் முழுமையான வழிகாட்டி

துப்பாக்கி செய்து கொடுக்கும் கன்ஸ்மித்திடம் போய் "எனக்கென்று ஒரு ரைஃபிள் கட்டிக் கொடுங்கள்" என்றால் அவர் முதலில் கேட்பது, "எந்தத் தோட்டாவுக்கு?" நம்மில் பலர் அந்தப் பதிலை மனப்பாடம் பண்ணிக்கொண்டுதான் போவோம். வேக அட்டவணையில் எது உச்சியில் இருக்கிறதோ அதுதான் பதில். நானும் அப்படிப் போனவன்தான். ஒரு நல்ல குழலை வீணடித்த பிறகுதான் வரிசையே தலைகீழ் என்று உறைத்தது. முதலில் நிலம், அடுத்து குண்டு, அதற்கேற்ற மரை (குழலுக்குள் ஓடும் புரி), தோட்டாவின் பெயர் கடைசியில்.

இரண்டு வார்த்தைகளைப் பிரித்து வைத்துக்கொள்வோம். தோட்டா என்று நான் சொல்வது முழு உருப்படியை: பித்தளைக் கூடு, அடியில் பற்றவைக்கும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. குண்டு என்றால் குழலைவிட்டுப் பறந்து போகும் அந்த நுனி மட்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் இந்தக் கட்டுரையே குழம்பிவிடும்.

இது முழுக்க அமெரிக்கச் சங்கதி. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பொழுதுபோக்கு வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. அமெரிக்காவில் நிலைமை வேறு. மேய்ச்சல் நிலத்தைத் துளைத்தெடுக்கும் ப்ரெய்ரி டாக், வயலில் வளை தோண்டும் கிரவுண்ட்ஹாக் போன்றவற்றை 'வார்மின்ட்' என்பார்கள். ஆட்டுக்குட்டியைத் தூக்கும் கயோட்டி, நரி, பாப்கேட் என்ற காட்டுப்பூனை இவையெல்லாம் 'ப்ரிடேட்டர்'. ப்ரெய்ரி டாக் பெயரில்தான் நாய், பிறப்பால் அணில் குடும்பம். கயோட்டி நம் குள்ளநரிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும், எடை மட்டும் 20 முதல் 50 பவுண்டு வரை போகும்.

முதல் படி: ஒரு நாளில் எத்தனை முறை சுடுவீர்கள்?

எந்த விலங்கு என்பதைவிட இந்தக் கேள்விதான் அதிகம் முடிவு செய்யும். தெற்கு டகோட்டாவிலோ வயோமிங்கிலோ பெரிய ப்ரெய்ரி டாக் குடியிருப்பில் உட்கார்ந்தால் காலையிலிருந்து சாயங்காலத்துக்குள் 200, 300 தோட்டா தீர்ந்துவிடும். மடக்கு மேசை, மணல் பை, தலைக்கு மேல் குடை என்று கிட்டத்தட்ட சந்தையில் கடை விரித்த மாதிரி. அங்கே துப்பாக்கி 12 பவுண்டு இருந்தால்கூடக் கவலையில்லை, யாரும் தூக்கிக்கொண்டு நடக்கப் போவதில்லை.

கயோட்டி வேட்டை நேர் எதிர். விடியற்காலையில் ஒரு மேட்டில் செடிக்குப் பின்னால் உட்கார்ந்து, அடிபட்ட முயல் கத்துகிற மாதிரி ஊதி அழைப்பீர்கள். வந்தால் ஒன்று வரும், அதிர்ஷ்டமிருந்தால் இரண்டு. கால் மணி நேரம் பார்த்துவிட்டு அடுத்த மேட்டுக்கு நடை. ஒரு நாளில் ஐந்து தோட்டா செலவானாலே அன்று திருவிழாதான். இங்கே எட்டு பவுண்டுக்கு மேல் ஒவ்வொரு பவுண்டும் தோளில் தெரியும்.

ஆகவே ஒரு தாளில் மூன்று எண்களை எழுதுங்கள். ஒரு நாளில் எத்தனை வெடி, வழக்கமாக எத்தனை கெஜ தூரம், துப்பாக்கியோடு எத்தனை மைல் நடை. 'இரண்டுக்கும் ஒரே துப்பாக்கி' என்று எழுதுபவர்கள் வருடத்தில் எத்தனை நாள் எதற்குப் போகிறார்கள் என்பதையும் நேர்மையாக எழுத வேண்டும். வருடத்தில் ஒரே ஒரு ப்ரெய்ரி டாக் பயணம், இருபது கயோட்டி விடியல் என்றால் அது கயோட்டி துப்பாக்கிதான்.

இரண்டாம் படி: தூரத்தைவிடக் காற்றுக்குப் பயப்படுங்கள்

தூரத்தை ரேஞ்ச்ஃபைண்டர் சொல்லிவிடும். குண்டு எவ்வளவு தாழும் என்பதைக் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பின் குமிழைத் திருகிச் சரிசெய்யலாம். காற்றைத்தான் யாரும் அளந்து கொடுக்க மாட்டார்கள். புல்வெளி மாநிலங்களில் காலை பத்து மணிக்கு மேல் காற்று இல்லாத நாள் அபூர்வம்.

மணிக்கு 10 மைல் வேகத்தில் குறுக்கே காற்று, இலக்கு 300 கெஜத்தில். குண்டு எவ்வளவு விலகும் என்று போட்டுப் பார்த்த கணக்கு இது. (தோட்டாவின் பெயரில் புள்ளியோடு வரும் எண் குண்டின் குறுக்களவை ஏறத்தாழ அங்குலத்தில் சொல்லும்; கிரெய்ன் என்பது எடை அளவு.) .223 ரெமிங்டனில் 40 கிரெய்ன் குண்டு வினாடிக்கு 3,700 அடியில் கிளம்பினால் சுமார் 12 அங்குலம். .22-250 ரெமிங்டனில் 50 கிரெய்ன் 3,800 அடியில் கிளம்பினால் சுமார் 9. .204 ரூகரில் 40 கிரெய்ன் 3,900 அடியில் கிளம்பினால் 8. இப்போது அதே .223-இல் நீண்டு மெலிந்த 75 கிரெய்ன் குண்டைப் போடுங்கள். அது கிளம்புவதே 2,800 அடிக்குச் சற்றுக் கீழேதான், விலகுவதோ 7 அங்குலம் மட்டும்.

கடைசி எண்ணை இன்னொரு முறை பாருங்கள். நான்கில் மெதுவாகக் கிளம்பியதுதான் காற்றில் குறைவாக அசைந்தது. எழுந்து நிற்கும் ப்ரெய்ரி டாக்கின் உடம்பு மூன்று நான்கு அங்குல அகலம்தான் இருக்கும், அதற்கு 12-க்கும் 7-க்கும் உள்ள வித்தியாசம் பெரிது. கயோட்டியின் நெஞ்சுப் பகுதி ஒரு தேங்காயைவிடப் பெரியது, கொஞ்சம் மன்னிக்கும்.

அப்படியென்றால் எல்லோரும் 75 கிரெய்னையே போட்டுவிடலாமே என்று தோன்றும். போட முடியாது. அந்தக் கனமான போட்டிக் குண்டு தரையில் பட்டால் சிதறாமல் எகிறிப் போகும். மெல்லிய உறையுள்ள வார்மின்ட் குண்டு மண்ணைத் தொட்டதும் தூளாகிவிடும். பக்கத்தில் மாடு மேயும் பண்ணையில் இந்த ஒரு குணத்துக்காகவே நான் லேசான குண்டைத்தான் எடுப்பேன், காற்றில் நாலு அங்குலம் கூடப் போனாலும் சரி. எந்தக் குண்டாக இருந்தாலும் பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் விசையைத் தொடக் கூடாது என்பது வேறு விஷயம்.

மூன்றாம் படி: குண்டும் மரையும்

இங்கேதான் நான் சறுக்கினேன், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

குழலின் உட்சுவரில் சுழன்று ஓடும் புரிதான் மரை. '12-க்கு 1' என்றால் 12 அங்குல நீளத்தில் குண்டு ஒரு முழுச் சுற்று சுற்றும் என்று பொருள். '8-க்கு 1' அதைவிட வேகமான சுழற்சி. பம்பரத்தைப் போலத்தான், போதிய சுழற்சி இல்லையென்றால் தள்ளாடும். எவ்வளவு சுழற்சி வேண்டும் என்பதைக் குண்டின் எடையைவிட நீளம்தான் தீர்மானிக்கும். பெட்டியில் எடையைத்தான் கொட்டை எழுத்தில் போடுவார்கள், அதனால் பலருக்கு இது தெரிவதில்லை.

என் முதல் கஸ்டம் ரைஃபிள் .22-250. "மரை என்ன வேண்டும்?" என்று கேட்டபோது "வழக்கமானதைப் போடுங்கள்" என்றேன். .22-250-க்கு வழக்கமானது 14-க்கு 1. போட்டுக் கொடுத்தார், அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. 50 கிரெய்ன் குண்டு ஒரே துளையில் போய் விழுந்தது. ஒரு வருடம் கழித்துக் காற்றைச் சமாளிக்கலாம் என்று 75 கிரெய்ன் வாங்கிப் போட்டேன். 100 கெஜத்தில் தாளைப் போய்ப் பார்த்தால் வட்டத் துளையே இல்லை. பழைய வீட்டுக் கதவின் சாவித்துவாரம் மாதிரி நீளமாக ஒரு கிழிசல், ஒரு சாண் தள்ளி இன்னொன்று. குண்டு பக்கவாட்டில் புரண்டபடி போயிருக்கிறது. மற்ற மூன்று குண்டுகள் தாளிலேயே இல்லை.

இதே தவற்றை ஒரு பெரிய நிறுவனமே செய்திருக்கிறது என்பதுதான் எனக்கு ஆறுதல். 1955இல் வின்செஸ்டர் .243-ஐயும் ரெமிங்டன் .244-ஐயும் வெளியிட்டன. இரண்டுக்கும் 6 மில்லிமீட்டர் குண்டு. கூட்டின் கொள்ளளவில் .244 கொஞ்சம் மேல் என்றே சொல்லலாம். ஆனால் ரெமிங்டன் அதை வார்மின்ட் தோட்டாவாகவே நினைத்து 12-க்கு 1 மரை போட்டது. வின்செஸ்டர் 10-க்கு 1 போட்டு, 100 கிரெய்ன் குண்டோடு 'கயோட்டிக்கும் ஆகும், மானுக்கும் ஆகும்' என்று விற்றது. சனங்கள் எதை வாங்கியிருப்பார்கள்? 1963இல் ரெமிங்டன் மரையை 9-க்கு 1 என்று மாற்றி, 6 மில்லிமீட்டர் ரெமிங்டன் என்று புதுப்பெயரும் சூட்டியது. அதற்குள் பந்தி முடிந்து இலையும் எடுத்தாகிவிட்டது. இன்றும் எந்தக் கடையிலும் .243 கிடைக்கும், மற்றதைத் தேட வேண்டும்.

அதனால் வரிசை இதுதான். நீங்கள் சுடக்கூடியதிலேயே மிக நீளமான குண்டு எது என்று முடிவு செய்யுங்கள். அந்தக் குண்டைச் செய்யும் நிறுவனம் எந்த மரை வேண்டும் என்று பெட்டியிலோ கையேட்டிலோ போட்டிருக்கும். அதைவிட மெதுவான மரையை வாங்காதீர்கள். .22 குடும்பத்துக்கு 8-க்கு 1 என்றால் 40 கிரெய்னிலிருந்து 77 வரை பெரும்பாலும் தாங்கும். 6 மில்லிமீட்டருக்கு 8-க்கு 1 அல்லது 7.5-க்கு 1.

வேகமான மரைக்கும் ஒரு விலை உண்டு. 3,700 அடி வேகத்தில் 8-க்கு 1 மரையில் போகும் குண்டு நிமிடத்துக்கு 3,33,000 சுற்று சுற்றும். 12-க்கு 1 என்றால் 2,22,000தான். உறை மிக மெல்லியதாக இருந்தால் அந்தச் சுழற்சியில் குண்டு வழியிலேயே பிய்ந்து, சாம்பல் நிறக் கீற்றாகக் காற்றில் மறைந்துவிடும். லேசான குண்டை மட்டும்தான் வாழ்நாள் முழுக்கச் சுடுவேன் என்பவருக்கு 12-க்கு 1 போதும். அப்படிச் சத்தியம் செய்துவிட்டு அதைக் காப்பாற்றியவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஈயமில்லாக் குண்டு வாங்க வேண்டிய இடத்தில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது, ஆகவே அதே எடையில் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். நீளம் என்றால் வேகமான மரை. கலிஃபோர்னியாவில் பழைய 14-க்கு 1 குழலை வைத்திருப்பவர்கள் 36 கிரெய்ன் மாதிரி மிக லேசான ஈயமில்லாக் குண்டுகளைத் தேடிப் போவது இதனால்தான்.

நான்காம் படி: போல்ட் முகம்

கையில் ஏற்கெனவே குழலைத் தவிர்த்த இயக்கப் பகுதி, அதாவது ஒரு ஆக்‌ஷன் இருந்தால் பாதித் தேர்வு முடிந்தது. தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் போல்ட்டின் முகத்தில் தோட்டாவின் அடி உட்காரும் வட்டக் குழியின் அளவைப் பாருங்கள். சுமார் 9.6 மில்லிமீட்டர் என்றால் .223, .204, .222, .17 ரெமிங்டன் எல்லாம் உட்காரும். 12 மில்லிமீட்டர் என்றால் .22-250, .243, 6 மில்லிமீட்டர் க்ரீட்மோர், .22 க்ரீட்மோர். இடையில் 11.2 மில்லிமீட்டரில் ஒரு குடும்பம்: 2020இல் வந்த 6 மில்லிமீட்டர் ஏஆர்சி, 2024இல் வந்த .22 ஏஆர்சி. ஒரு குடும்பத்துக்குள் பிறகு மனம் மாறினால் குழலை மாற்றினால் போதும். குடும்பம் தாண்டினால் போல்ட்டுக்கும் செலவு.

தோட்டாக்களை அடுக்கும் பெட்டியான மேகஸினின் நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். வழக்கமான குட்டை அளவான ஷார்ட் ஆக்‌ஷனில் .223-ஐ வைத்தால் உள்ளே நிறைய இடம் மிஞ்சும், நீளக் குண்டைக் கொஞ்சம் வெளியே தள்ளி வைக்க வசதி. .243-இல் அந்த இடம் இல்லை, நீளமான குண்டை வைத்தால் அதன் அடிப்பாகம் மருந்து இருக்க வேண்டிய இடத்துக்குள் புகுந்துவிடும். 6 மில்லிமீட்டர் க்ரீட்மோரின் கூடு குட்டையாக வெட்டப்பட்டதற்குக் காரணமே இதுதான்.

ஐந்தாம் படி: சூடு, ஆயுள், காசு

சிறிய துளைக்குள் எவ்வளவு அதிக மருந்தை எரிக்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் குழலின் தொண்டை (மரை தொடங்கும் இடம்) அரிக்கும். 1935இல் வின்செஸ்டர் வெளியிட்ட .220 ஸ்விஃப்ட், 48 கிரெய்ன் குண்டை வினாடிக்கு 4,110 அடியில் தள்ளி எல்லோரையும் வாய் பிளக்க வைத்தது. குழலைத் தின்னும் தோட்டா என்ற பெயரும் அதோடே ஒட்டிக்கொண்டது. கொஞ்சம் மிகைதான். குழல் சூடாக இருக்கும்போதே மேலும் மேலும் சுட்டவர்கள் வாங்கிக் கொடுத்த பெயர் அது.

தோராயமாகச் சொன்னால், பக்குவமாகச் சுடும் .223 குழல் 4,000 தோட்டாவுக்கு மேலும் குண்டுகளை நெருக்கமாக விழ வைக்கும். .22-250 இரண்டாயிரத்தை ஒட்டி. .243 அதற்கும் கீழே இறங்கலாம். புதுக் குழல், பொருத்துகிற கூலி எல்லாம் சேர்ந்து ஆயிரம் டாலரை நெருங்கும். ப்ரெய்ரி டாக் வெளியில் நான் செய்யும் சோதனை சாதாரணமானது. தோட்டா உட்காரும் சேம்பருக்கு முன்னால் குழலைக் கையால் பிடித்து ஐந்து எண்ணுவேன். பிடிக்க முடியவில்லை என்றால் போல்ட்டைத் திறந்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

மருந்துக் கணக்கையும் பாருங்கள். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். .223-க்குச் சராசரியாக 26 கிரெய்ன் என்று வைத்தால் ஒரு பவுண்டில் 269 தோட்டா. .22-250-க்கு 36 என்றால் 194. .243-க்கு 44 என்றால் 159. .22 ஹார்னெட்டுக்கு 12.5தான், 560 வரும். இவை செலவைப் புரிந்துகொள்ள மட்டும். நிரப்பும் அளவுக்கு மருந்து நிறுவனத்தின் கையேட்டைத் தவிர வேறு எதையும் நம்ப வேண்டாம், என்னையும் சேர்த்து.

உதைப்பும் இந்தப் படியில்தான் வரும். வலிக்கிறது என்பதற்காக இல்லை, இந்தத் தோட்டாக்கள் எதுவுமே வலிக்காது. சுட்ட கணத்தில் ஸ்கோப்பின் படம் துள்ளாமல் இருந்தால் குண்டு விழுந்த இடத்தில் எழும் புழுதியை நீங்களே பார்க்கலாம். இடதுபுறம் அரை அடி தள்ளி என்று தெரிந்ததும் அடுத்ததைத் திருத்திக்கொள்ளலாம். .204-உம் .223-உம் கனமான துப்பாக்கியில் இதை அனுமதிக்கும். .22-250 ஓரளவுக்கு. .243-க்குக் குழல் நுனியில் உதைப்பைக் குறைக்கும் மசில் பிரேக் வேண்டும், அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் உங்களைத் திட்டுவார்.

ஆறாம் படி: கடையில் இருக்கிறதா?

அமெரிக்காவில் தோட்டா அளவுகளைத் தரப்படுத்தும் தொழில் அமைப்பின் சுருக்கப்பெயரை நம் வாயில் சொன்னால் 'சாமி' என்றுதான் வரும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. தரப்படுத்தப்பட்டு, பத்திரிகை அட்டையில் வந்து, இரண்டே வருடத்தில் கடை அலமாரியிலிருந்து காணாமல் போன தோட்டாக்கள் நிறைய. 2007இல் வந்த .17 ஃபயர்பால் தோட்டாவை இன்று தேடிப் பாருங்கள், தெரியும்.

2020-21 தட்டுப்பாட்டில் சீக்கிரம் காலியானதும் .223தான், சீக்கிரம் திரும்பி வந்ததும் அதுதான். நீங்களே தோட்டா நிரப்புபவராக இருந்தால் பித்தளைக் கூடு கிடைக்கிறதா என்று பார்த்தால் போதும். நிரப்பாதவர் என்றால் உங்கள் ஊரிலேயே இரண்டு கடைகளில் விற்காத எதையும் கட்டாதீர்கள். யாருடைய தரத்திலும் சேராத வைல்ட்கேட் தோட்டாவை முதல் துப்பாக்கிக்கு யோசிக்கவே வேண்டாம். .22-250-உம் ஒரு காலத்தில் வைல்ட்கேட்தான், 1965இல்தான் ரெமிங்டன் அதற்குத் தன் பெயரைக் கொடுத்தது. அதற்கு முப்பது வருடத்துக்கு முன்பே .250 சாவேஜ் கூட்டின் கழுத்தைச் சுருக்கிச் சுட்டவர்கள் வேலையைத் தெரிந்தவர்கள்.

ஏழாம் படி: சட்டம்

மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அதனால் சுருக்கமாக. அதே துப்பாக்கியில் மானும் வேட்டையாட ஆசை என்றால் கொலராடோவில் பெரிய விலங்குகளுக்கு .24 காலிபருக்கு (குறுக்களவு .24 அங்குலம், சுமார் 6 மில்லிமீட்டர்) குறைந்த ரைஃபிள் கூடாது, அந்த ஆசையே உங்களை 6 மில்லிமீட்டருக்குத் தள்ளிவிடும். யூட்டா ப்ரெய்ரி டாக் மத்திய அரசின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள இனம். தெற்கு டகோட்டாவின் பஃபலோ கேப் தேசியப் புல்வெளியில் கோனாட்டா பேசின் பகுதியில் ப்ரெய்ரி டாக் சுடத் தடை. அழிந்துவிட்டது என்று நினைத்து 1981இல் வயோமிங்கில் மறுபடி கண்டெடுத்த, கீரி மாதிரி இருக்கும் கருங்கால் ஃபெரட் அங்கே ப்ரெய்ரி டாக்கை நம்பித்தான் வாழ்கிறது.

எச்-1பி போன்ற விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒன்று. குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது அதற்கு ஒரு விலக்கு. உரிமம் காலாவதியானால் விலக்கும் போச்சு. நண்பரின் துப்பாக்கியைக் கையில் வாங்குவதற்கு முன்பே வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எட்டாம் படி: என் தேர்வுகள்

யோசித்து யோசித்துக் களைத்துப் போனவருக்கு: .223, 8-க்கு 1 மரை. மேசையிலும் ஓடும், மேட்டிலும் ஓடும். குழல் நீடிக்கும், தோட்டா கிடைக்கும். 'ரொம்பச் சாதாரணம்' என்று நண்பர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள்.

திறந்த வெளியில் 300 கெஜத்துக்கு அப்பால் நின்று யோசிக்கும் கயோட்டிகளே உங்கள் பிழைப்பு என்றால் .22-250, 50 அல்லது 55 கிரெய்ன் குண்டு. 40 கிரெய்னின் மெல்லிய குண்டு தோள் எலும்பில் பட்டு மேலேயே சிதறினால் விலங்கு காயத்தோடு ஓடிவிடும், அந்தப் பாவம் வேண்டாம். மரை 8-க்கு 1 அல்லது 9-க்கு 1. 14-க்கு 1 பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

தோல் விற்பவருக்கும், நாளெல்லாம் ப்ரெய்ரி டாக்கோடு உட்காருபவருக்கும் .204. தோலில் பெரிய ஓட்டை போடாது, உதைப்பும் இல்லை. குறை என்னவென்றால் அந்தக் குறுக்களவில் குண்டு வகைகள் குறைவு, பெரும்பாலும் 24 முதல் 45 கிரெய்னுக்குள்தான்.

காற்று வீசும் மாநிலம், கயோட்டியும் மானும் ஒரே துப்பாக்கியில் என்றால் 6 மில்லிமீட்டர் க்ரீட்மோர் அல்லது .243. அதில் 58 கிரெய்ன் வார்மின்ட் குண்டு கயோட்டியின் தோலைக் கந்தலாக்கும் என்பதைத் தெரிந்துகொண்டே வாங்குங்கள். வீடுகள் நெருங்கிய பண்ணை, 200 கெஜத்துக்குள் கிரவுண்ட்ஹாக் என்றால் .22 ஹார்னெட். கிழவன்தான், ஆனால் சத்தம் போடாமல் வேலையை முடிப்பான்.

ஒன்பதாம் படி: கன்ஸ்மித்திடம் கொடுக்கும் சீட்டு

வாயால் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுங்கள். என் இரண்டாவது துப்பாக்கிக்கு நான் எழுதியது இது: ".223 வைல்ட் சேம்பர். மரை 8-க்கு 1. குழல் நீளம் 24 அங்குலம். இதே பையில் உள்ள 75 கிரெய்ன் குண்டுக்குத் தொண்டை வெட்டவும். 50 கிரெய்னும் சுடுவேன். மேகஸினிலிருந்து ஏற வேண்டும்." ('.223 வைல்ட்' என்பது ஒரு சேம்பர் அளவின் பெயர், வைல்ட்கேட் இல்லை.)

அந்தப் பையில் மருந்தும் பிரைமரும் இல்லாத இரண்டு வெற்றுத் தோட்டாக்கள். எந்த நீளத்துக்குக் குண்டை வைத்து மேகஸினில் ஏற்றப் போகிறேனோ, அதே நீளத்தில் வைத்து 'வெற்று' என்று பேனாவால் எழுதியிருந்தேன். கன்ஸ்மித் ஒன்றை எடுத்துக் கண்ணுக்கு நேரே திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லோரும் இப்படிக் கொண்டுவந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம்" என்றார். ஏழு மாதம் கழித்துத்தான் துப்பாக்கி வந்தது.